கார்த்திகை, மூன்றாம் பாதம்

டிஸ்கெட் என்றால் என்ன என்று கேட்காத வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். என் மகளிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே, "ஏம்மா, ஒரு பேக்கப் எடுத்து வைக்கலியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். உங்களுக்கு அந்தக் கேள்வி வராது. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தால் அதற்குப் பூ வைத்துக் குங்குமம் இட்ட காலத்து ஆட்கள் நாம். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது என் பொறாமையைப் பற்றியது. கடைசியில் நான் திருந்திவிடுவேன் என்று காத்திருக்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா ரயில்வே பார்சல் ஆபீசில் கிளார்க். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, அரசாங்க உத்தியோகத்தில் மேல் பதவியில் இருந்தார். கிள்ளானில் சொந்த வீடு. அந்த வீட்டில் ஏர்கான் வைத்த ஓர் அறை. அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர். அது பெரியப்பா மகளுக்காக வாங்கியது.

பெரியப்பா மகள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்துக்காக நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது. ஒரே வகுப்பு, ஒரே உயரம், ஒரே அளவு செருப்பு. ஆனால் அவள் போட்டுக் கழித்த செருப்புத்தான் எனக்கு வரும். அவள் கெட்டவள் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

கம்ப்யூட்டர் அறைக்குள் போகக் கால் கழுவ வேண்டும். பெரியம்மா வாசலில் ஈரத்துணி போட்டு வைத்திருப்பார். உள்ளே ஏர்கான் குளிரில் புது பிளாஸ்டிக் வாசனை நிற்கும். மானிட்டருக்கு ஓர் உறை, கீபோர்டுக்கு ஓர் உறை, மௌசுக்குப் பெரியம்மாவே தைத்த பூப்போட்ட சின்னப் பை. மானிட்டரின் நெற்றியில் ஆயுத பூசைக்கு வைத்த குங்குமம் அப்படியே இருக்கும், யாரும் துடைக்க மாட்டார்கள். பெரியப்பா மகள் அந்தப் பையிலிருந்து மௌசை எடுக்கும்போது என் வயிறு பற்றி எரியும். இப்போதும் ஏதாவது கடையில் பூப்போட்ட துணிப்பையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பிடிக்காமல் போகிறது.

அந்த ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா என்னை ரயிலில் கிள்ளானுக்கு அழைத்துப் போனார். பெரியப்பா மகள் அப்போது கடைவீதி மாடி ஒன்றில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். மதியம் வீட்டுக்கு வந்து, கற்றுக்கொண்டதைச் செய்து காட்டுவாள். அவள் சுழல் நாற்காலியில், நான் பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலியில்.

அந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தது ஜன்னல் செய்வது. திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு காலி ஃபார்ம் வரும், கோலத்துக்குப் புள்ளி வைத்தது மாதிரி அதில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். இடப்பக்கம் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு பட்டனை எடுத்து ஃபார்மின் மேல் வைக்கலாம். எழுதுவதற்குக் கட்டம் வைக்கலாம், பட்டியல் வைக்கலாம், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வட்டங்கள் வைக்கலாம். மூலையைப் பிடித்து இழுத்தால் பெரிதாகும். நிறம் மாற்றலாம். ஓடவிட்டால் புள்ளிகள் மறைந்து நிஜமான ஜன்னலாகிவிடும். பட்டனை அமுக்கினால் உள்ளே போய் வெளியே வரும். அவ்வளவுதான், வேறெதுவும் நடக்காது. ஆனால் அந்த அமுங்கலைப் பார்ப்பதற்கே பெரியம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவார்.

அழகாக வைப்பதில் பெரியப்பா மகளுக்கு நல்ல கை. பட்டன்கள் கோணாது, நிறங்கள் கண்ணை உறுத்தாது. நான் வைத்தால் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். வாய்ப்பு கிடைத்ததே இரண்டு மூன்று தடவைதான் என்பது வேறு விஷயம்.

ஒருநாள் அவள் தவறிப்போய் ஒரு பட்டனை இரண்டு தடவை சேர்த்து அமுக்கிவிட்டாள். ஃபார்ம் மறைந்து ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி, நடுவில் ஒன்றுமில்லை.

"ஐயோ, என்னமோ வந்துருச்சு. மூடு, மூடு," என்று அவளே பதறி மூடிவிட்டாள்.

நான் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டேன். அங்கே எழுதுவதைத்தான் பட்டன் செய்யும் என்று எனக்குப் பட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அலமாரியில் அந்த மென்பொருளோடு வந்த தடிப் புத்தகம் பிரிக்காமல் கிடந்தது. "இத எடுத்துட்டுப் போகட்டுமா, அக்கா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கோலா. அதுல ஒரு படம்கூட இல்ல," என்றாள்.

குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்தேன். ஆங்கிலம் பாதி புரிந்தது. புரிந்த பாதியை ஒரு பள்ளி நோட்டில் பென்சிலால் எழுதினேன். 'இப்படியென்றால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்கிற மாதிரி வரிகள். கம்ப்யூட்டர் இல்லாததால் நோட்டின் ஒரு பக்கத்தில் ஃபார்ம் வரைந்து, அதன்மேல் சோப்பு டப்பாவை வைத்து மௌஸ் மாதிரி நகர்த்திப் பழகினேன். ஒரு சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து அதைப் பார்த்துவிட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "அதுல எங்க அமுக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை பெரியப்பா வீட்டில் அப்பா வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாக உட்கார்ந்தார். எழும்போது, சும்மா கேட்கிற மாதிரி, "அண்ணே, நீங்க புதுசு வாங்கினா இந்தப் பழச எங்க புள்ளைக்குக் குடுக்கலாமா?" என்றார். அப்பா யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் காது சிவந்து போயிருந்தது.

"பார்ப்போம் தம்பி. தைப்பூசத்துக்கு முந்தி புதுசு வருது," என்றார் பெரியப்பா. "உன் மக அத வச்சு என்ன பண்ணுவான்னு பார்க்கணும்லா. சும்மா கேம் விளையாட குடுக்க முடியாது."

அதற்குப் பிறகு அந்த விடுமுறையில் எனக்கு வேறு எண்ணமே இல்லை. அந்தப் பழைய கம்ப்யூட்டர் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வர வேண்டும். அதற்கு நான் யாரென்று பெரியப்பாவுக்குத் தெரிய வேண்டும்.

வழி கோயிலிலிருந்து வந்தது. பெரியப்பா தங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயிலின் நிர்வாகக் குழுவில் இருந்தார். அர்ச்சனைச் சீட்டில் பெயர், நட்சத்திரம், ராசி மூன்றும் எழுத வேண்டும். பாதிப் பேருக்கு நட்சத்திரம் தெரியும், ராசி தெரியாது. கவுண்டர் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், வரிசை வாசல்வரை நீளும். குருக்கள் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். பெரியப்பா உடனே, "கவலைப்படாதீங்க. நட்சத்திரத்தச் சொன்னா ராசியச் சொல்ற மாதிரி என் மக கம்ப்யூட்டர்ல செஞ்சு குடுப்பா. திருக்கார்த்திகைக்கு ரெடி," என்றுவிட்டார்.

பெரியப்பா மகள் அன்றைக்கே ஃபார்ம் வரைந்தாள். மேலே ஓம், நட்சத்திரங்களின் பட்டியல், மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய பட்டன், விடை வருவதற்குக் கீழே ஒரு கட்டம். எங்களிடம் தமிழ் எழுத்து இல்லாததால் எல்லாம் ஆங்கில எழுத்தில். உண்மையைச் சொல்ல வேண்டும், ரொம்ப அழகாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "உள்ள எழுதுறத நீ எழுதுறியா? எனக்கு அது தலவலி," என்றாள்.

எனக்கு அன்று ரயிலில் கால் தரையில் நிற்கவில்லை.

வீட்டுக் காலண்டரைப் பார்த்து இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் ராசி எழுதி முடித்ததும் முதல் ஆளாக அப்பாவைப் பிடித்தேன். "அப்பா, உங்க நட்சத்திரம் என்ன?"

"கார்த்திகை."

நோட்டைப் பார்த்து, வரி வரியாக விரல் வைத்து, "மேஷம்," என்றேன்.

"இல்லையே புள்ள. நான் ரிஷபம். கார்த்திகை, மூணாம் பாதம்."

காலண்டரில் இப்படித்தான் இருந்தது என்று சாதித்தேன். அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அலமாரியிலிருந்த பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். ஒரு நட்சத்திரத்துக்கு நாலு பாதம். சில நட்சத்திரங்கள் இரண்டு ராசியில் பிரிந்து கிடக்கின்றன. கார்த்திகையின் முதல் பாதம் மேஷத்தில், மற்ற மூன்றும் ரிஷபத்தில். "தப்புன்னா தப்புதான். மிசின் சொன்னாலும் தப்புதான்," என்றார் அப்பா. "பார்சல்ல ஒரு லேபல் தப்பா ஒட்டினா சாமான் ஈப்போவுக்குப் போகாது, ஜொகூருக்குப் போயிரும்."

அப்படி இரண்டு ராசியில் கிடப்பவை ஒன்பது. அவற்றைத் தேடிப் பிடித்தேன். அந்த ஒன்பதில் ஒன்று வந்தால் மட்டும் பாதத்தையும் பார்க்கும்படி நோட்டின் நாலாம் பக்கத்திலிருந்து புதிதாக எழுதினேன். முதல் மூன்று பக்கங்களைக் கிழிக்க மனமில்லாமல் அப்படியே விட்டேன். புதிய வரிகள் சரியா என்று பார்க்க அப்பாவைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். நாலாம் பக்கத்து ஓரத்தில் 'அப்பா, கார்த்திகை, 3, ரிஷபம், சரி' என்று எழுதி வைத்தேன்.

அடுத்த வாரம் கிள்ளானில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்தேன். பாதத்துக்காகப் பெரியப்பா மகள் நாலு வட்டங்கள் வரைந்து கொடுத்தாள். ஓடவிட்டோம். முதலில் ஓடவில்லை, நிபந்தனையை மூடுகிற 'என்ட் இஃப்' வரி ஒன்று விட்டுப் போயிருந்தது. அதைச் சேர்த்ததும் ஓடியது. கார்த்திகை, மூன்று, மஞ்சள் பட்டன். கீழே ரிஷபம் வந்து நின்றது. நான் கத்திவிட்டேன். பட்டனை அமுக்கியது அவள். எப்போதும் அவள்தான் அமுக்குவாள்.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியப்பா அறைக்குள் அழைத்துப் போய்க் காட்டினார். வருகிறவர்கள் ஓம் எழுத்தைப் பார்ப்பார்கள், மஞ்சள் பட்டனைப் பார்ப்பார்கள். "இந்த வயசுலயா! கையில கலை இருக்குலா," என்பார்கள். பெரியம்மா சிரப் தண்ணி கொண்டு வருவார். ஓர் ஆன்டி முக்காலியில் இருந்த என்னைப் பார்த்து, "இது யாரு?" என்றார்.

"தம்பி மக," என்றார் பெரியப்பா. "கூட உட்கார்ந்து பார்க்கும்."

கூட உட்கார்ந்து பார்க்கும். இருபது வருசத்துக்கு மேலாகப் புரோகிராம் எழுதும் தொழிலில் இருக்கிறேன். திரைக்குப் பின்னால் நான் எழுதியதற்கு, திரையை வரைந்தவர்களைப் பாராட்டும் கூட்டங்களில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பெரியப்பாவின் குரல்தான் எனக்குக் கேட்கிறது. நான் வாயைத் திறந்து, "உள்ள எழுதினது நான், பெரியப்பா," என்று சொல்லியிருக்கலாம். பெரியப்பா மகளும் சொல்லியிருக்கலாம். அவள் சிரப்பைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

திருக்கார்த்திகைக்கு முதல் நாளே நான் கிள்ளானுக்கு வந்து தங்கினேன். நோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன், அதற்கு இனி வேலையில்லை என்று நினைத்து. அப்பா வேலை முடிந்து மறுநாள் சாயங்காலம் நேராகக் கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு. காலையில் பசியாறிவிட்டு அறைக்குள் போனேன். பெரியப்பா மகள் குளிக்கப் போயிருந்தாள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறையில் நான் தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை.

ஃபார்மின் உச்சியில், ஓம் எழுத்துக்குக் கீழே, புதிதாக ஒரு வரி இருந்தது. அவள் பெயர். அவள் அப்பா பெயரின் முதலெழுத்தோடு, சிவப்பில், சாய்வெழுத்தில். பக்கத்தில் ஒரு சின்னப் பூ.

சுழல் நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னும் சூடாக இருந்தது. மஞ்சள் பட்டனை இரண்டு தடவை அமுக்கினேன். என் வெள்ளைப் பக்கம் வந்தது. மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவில் இருந்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். இருபத்தேழு நட்சத்திரமும் போயின. மாற்றத்தைச் சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. ஆமாம் என்றேன். டிஸ்கெட்டில் எடுத்து வைத்திருந்த பிரதியையும் அதேபோல் செய்துவிட்டு முக்காலிக்குத் திரும்பினேன். உன் பெயர்தானே வேண்டும், பெயரை வைத்துக்கொள் என்று மனசுக்குள் சொன்னேன். அந்த நேரத்து நிம்மதியை இன்றும் என்னால் பொய்யென்று சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் கம்ப்யூட்டரைக் கழற்றிக் காரின் பின் சீட்டில் வைத்து, பெரியம்மா ஒரு தலையணையை முட்டுக் கொடுத்து, கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். மேசைமேல் வாழையிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். சொக்கப்பனை கொளுத்த இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. குழுத் தலைவர் அங்கிள், குருக்கள், பெரியப்பாவின் நண்பர்கள், விளக்குத் தட்டோடு நிற்கிற பெண்கள் என்று நல்ல கூட்டம். அப்பா அப்போதுதான் வந்தார். வேலைச் சட்டையோடு, கக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்றோடு, கடைசி வரிசையில் நின்றார்.

பெரியப்பா மகள் தலைவர் அங்கிளிடம் நட்சத்திரம் கேட்டாள். பூசம் என்றார். பட்டியலில் எடுத்தாள், மஞ்சள் பட்டனை அமுக்கினாள். பட்டன் உள்ளே போய் வெளியே வந்தது. கட்டம் காலியாக இருந்தது. மறுபடி அமுக்கினாள்.

"ஏ, அமுங்குதுலா!" என்றார் தலைவர் அங்கிள். கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் எழுதிய எல்லாவற்றையும் உருவி எடுத்த பிறகும் அவர்களுக்கு அது முழுசாகவே இருந்தது.

குருக்கள் ஒருவர்தான் தட்டவில்லை. குனிந்து கட்டத்தைப் பார்த்தார். "ராசி எங்க பாப்பா?" என்றார்.

பெரியப்பா மகள் நாலைந்து தடவை அமுக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நான் வரைஞ்சது மட்டும்தான் அங்கிள். உள்ள எழுதினது எல்லாம் இவதான். முழுக்க இவதான் எழுதினா."

மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. அத்தனை நாள் நான் ஏங்கிய வார்த்தை, அத்தனை பேர் முன்னால், மைக் வைத்த மாதிரி. உண்மையைச் சொன்னாளா, பழியை என் பக்கம் தள்ளிவிட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஓ, அப்ப வேல செய்யாதது இந்தப் புள்ள எழுதினதா?" என்றார் தலைவர் அங்கிள். கோபமாகச் சொல்லவில்லை. அனுதாபமாகத்தான் சொன்னார்.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். செய்தித்தாளைப் பிரித்தார். என் நோட்டு. "இதுல எல்லாம் எழுதி வச்சிருக்கு. பார்த்து அடிச்சிரலாம்ல, புள்ள?" என்று நீட்டினார்.

அடித்திருக்கலாம். நாலாம் பக்கத்திலிருந்து தொடங்கினால் அரை மணிக்குள் முடிந்திருக்கும். பெரியப்பா நேரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டியது எல்லாம் அங்கே அந்த மேசையில் இருந்தது. நான் சிவப்பு எழுத்தில் இருந்த அவள் பெயரைப் பார்த்தேன். இதை நான் சரிசெய்தால் அந்தப் பெயருக்குக் கீழேதான் விடை வரும் என்று தோன்றியது.

"முடியாது," என்றேன். "எனக்குத் தெரியல."

அப்பா நீட்டிய நோட்டு அவர் கையிலேயே இருந்தது. பெரியப்பா மகள் அதை வாங்கிப் பிரித்து மேசையில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து ஒரு விரலால் அடிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு ஒரு வரியும் புரியாது. என் கையெழுத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தாள். முதல் மூன்று பக்கம் பழைய தப்பு என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. மகம் நட்சத்திரம்வரை வந்தபோது வெளியே மேளம் தொடங்கிவிட்டது. பெரியப்பா பொறுமையில்லாமல், "போதும்மா, இருக்கிறத வச்சுக் காட்டு. யாருக்காவது கேளு," என்றார்.

"எனக்குப் பாரும்மா," என்றார் அப்பா. "கார்த்திகை. மூணாம் பாதம்."

அவள் கார்த்திகையை எடுத்தாள். மூன்றாவது வட்டத்தைத் தொட்டாள். மஞ்சள் பட்டனை அமுக்கினாள். கட்டத்தில் விடை வந்தது. மேஷம்.

குருக்கள், "சரிதானா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா திரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"சரியா இருக்கு," என்றார்.

இந்தத் தடவை கைதட்டல் மண்டபத்தை உலுக்கியது. குருக்கள் சந்தோசப்பட்டு அப்பாவைக் கையோடு சன்னதிக்கு அழைத்துப் போய், முதல் அர்ச்சனையை அவர் பெயருக்கே செய்தார். கிருத்திகா நட்சத்திரே, மேஷ ராசௌ என்று குருக்கள் சொல்ல, பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து எனக்குக் காட்டிய என் அப்பா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்.

வெளியே வரும்போது பெரியப்பா அப்பாவின் தோளைத் தட்டினார். "பார்த்தியா தம்பி, என் மக எவ்ளோ சீக்கிரம் சரி பண்ணிட்டா. உன் மகளுக்கு இன்னும் கொஞ்சம் வயசு வரட்டும்." தைப்பூசத்துக்கு முன்னால் புதிய கம்ப்யூட்டர் வந்தது. பழையது ஸ்ரீ கெம்பாங்கானில் பெரியம்மாவின் தங்கை வீட்டுக்குப் போனது, பூப்போட்ட பையோடு சேர்த்து. கோயிலில் அந்த ஜன்னலை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை என்று கேள்வி. கவுண்டரில் பஞ்சாங்கம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டார்களாம்.

பெரியப்பா மகள் இப்போது பூச்சோங்கில் இருக்கிறாள். பாலர் பள்ளி நடத்துகிறாள், சுவர் முழுக்க அவளே வரைந்த படங்கள். போன வருசம் ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "அக்கா, அந்தத் திருக்கார்த்திகை, அந்த மஞ்சள் பட்டன், ஞாபகம் இருக்கா?"

கொஞ்சம் யோசித்தாள். "கம்ப்யூட்டர தலகாணி வச்சு கார்ல கொண்டு போனோமே, அதா? அது மட்டும்தான் ஞாபகம் இருக்குலா," என்று சிரித்துவிட்டுப் பாயசத்தைக் குடித்தாள். அவளுக்கு எல்லாம் மறந்துவிட்டது. அந்த மறதி மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்தத் திருக்கார்த்திகை இரவு வீடு திரும்பும் ரயிலில் அப்பா ஜன்னல் பக்கம் என்னை உட்காரச் சொன்னார். இறங்குவதற்கு முன்னால் நோட்டை என் மடியில் வைத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். நாலாம் பக்கத்தில் அடையாளத்துக்குப் பார்சல் ஆபீஸ் லேபல் ஒன்றை வைத்திருந்தார். 'அப்பா, கார்த்திகை, 3, ரிஷபம், சரி' என்று நான் எழுதியிருந்த இடத்துக்கு நேராக. லேபலில் அவருடைய கிளார்க் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது. 'அண்ணனிடம் இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும்.'

நான் அழித்தேன் என்று அப்பாவிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. அவர் இருந்தவரைக்கும் எந்தக் கோயிலுக்குப் போனாலும், அர்ச்சனைச் சீட்டு எழுதும் இடத்தில் அவர் ராசியை அவரைச் சொல்ல விட்டதில்லை. நானே முந்திக்கொண்டு, "கார்த்திகை, ரிஷபம்," என்பேன். எழுதுகிறவர் நிமிர்ந்து அப்பாவைப் பார்ப்பார்.

"சரியா இருக்கு," என்பார் அப்பா, அன்றைக்குச் சொன்ன அதே குரலில்.